பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) சீட்டுக்கு 'கன்சல்டன்சி' பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

நீட் முடிவு வந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். "உங்க பொண்ணு மார்க்குக்கு எம்.பி.பி.எஸ். கஷ்டம் சார், பி.டி.எஸ். நல்ல காலேஜா எடுத்துத் தர்றோம்." நம்முடைய நம்பரும் பிள்ளையின் மதிப்பெண்ணும் இவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது. ராஜபாளையத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அப்படிப் போன் செய்த மதுரைக்காரன் ஒருவன் என்னென்ன செய்தான் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அக்கா மகள் இப்போது இறுதியாண்டு. இன்டர்னல் மார்க் இன்னும் அந்தக் கல்லூரி கையில் இருப்பதால் கல்லூரியின் பெயரைப் போடவில்லை. ஆள் மேல் போலீஸில் புகார் இருக்கிறது, அதனால் அவன் பெயரையும் இங்கே இழுக்கவில்லை.

அக்கா வீட்டில் அப்போது பேச்சில் இருந்தது மூன்று ஊர். கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி, சென்னைப் புறநகரில் இன்னொரு சுயநிதிக் கல்லூரி, அப்புறம் மங்களூரு. மங்களூரை இழுத்தவள் அக்கா மகள், அதாவது என் மருமகள்தான். அவள் தோழி அங்கே சேரப்போகிறாள். அத்தானுக்கு எல்லாமே ரயில் கணக்கு. "சென்னைன்னா ராத்திரி பொதிகைல ஏறினா காலைல எழும்பூர்" என்பார். சீனியர்களிடம் விசாரித்துவிட்டு அவளே கடைசியில் கோவை என்று முடிவு செய்து வைத்திருந்தாள். அரசு ஒதுக்கீட்டில் கிடைக்கும் என்பது முந்தைய வருடப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த முடிவோடுதான் மதுரை அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் படம். அவன் அத்தானை "அண்ணாச்சி" என்று ஆரம்பித்து ஒவ்வொரு ஊராகத் தட்டினான். மங்களூரா? "வேற ஸ்டேட்ல படிச்சா இங்க வந்து பிராக்டீஸ் பண்ண விடமாட்டாங்க அண்ணாச்சி." கோவையா? "உங்க பொண்ணு ரேங்குக்கு அங்க கட் ஆஃப் வராது." மிச்சம் என்ன? சென்னைப் புறநகர். "பேஷண்ட் கூட்டத்த நீங்களே வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க."

முதலில் சொன்னது சுத்தப் பொய். இந்தியச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பல் மருத்துவப் பட்டமாக இருந்தால், எந்த மாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டு இங்கே தொழில் செய்யலாம். மணிப்பாலிலும் மங்களூரிலும் படித்துவிட்டு வந்த பல் மருத்துவர்கள் நம் ஊர்களில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது பொய் எப்படி உடைந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கல்லூரியைப் பார்க்க அவனே கார் வைத்து அழைத்துப் போனான். நாளும் அவன் குறித்த நாள். ஓ.பி. (புறநோயாளி) ஹாலில் நிற்க இடமில்லை. கிராமத்துப் பெண்கள், வேட்டிக்காரப் பெரியவர்கள் என்று நல்ல கூட்டம். அக்காவுக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் ஒரே மாதிரி மஞ்சள் டோக்கன் இருந்ததையும், வாசலில் வேன்கள் வரிசையாக நின்றதையும் என் மருமகள் கவனித்திருக்கிறாள். கேட்டதற்கு, "கேம்ப் நடக்குது, அவ்ளோ சேவை பண்றாங்க" என்றானாம். ஆய்வுக்குக் குழு வரும்போதும் பெற்றோரைக் கூட்டிவரும்போதும் அதே வேன்கள் வரும், மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பிப் போகும் என்பது சேர்ந்த பிறகு அவளுக்குத் தெரிந்த சங்கதி.

உண்மையான மோசடி நடந்தது கம்ப்யூட்டரில். கலந்தாய்வு விண்ணப்பத்தை "நாங்களே போட்டுத் தர்றோம், நீங்க தப்பா போட்டா ரிஜெக்ட் ஆயிடும்" என்று சொல்லி அவன் அலுவலகத்திலேயே பதிவு செய்தார்கள். கொடுத்த மொபைல் நம்பர் அவர்களுடையது, மின்னஞ்சல் அவர்களுடையது. பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். ஓ.டி.பி. எல்லாம் அவன் மேஜைக்கே போகும். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று வரிசை போடும் விருப்பப் பட்டியலை நிரப்பியதும் பூட்டியதும் அவனே. வீட்டுக்கு வந்தது "கங்கிராட்ஸ், சீட் கன்ஃபார்ம்" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி. சேவைக் கட்டணம் 75,000 ரூபாய். ரசீது கேட்டதற்கு லெட்டர்ஹெட்டில் 'கைடன்ஸ் ஃபீஸ்' என்று எழுதிக் கொடுத்தான், ஜி.எஸ்.டி. எண் கிடையாது. "டொனேஷன் இல்லாம முடிச்சுக் கொடுத்திருக்கேன் அண்ணாச்சி" என்று உபகாரம் வேறு பேசினான். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு என்ன டொனேஷன்? அது அவளுடைய தரவரிசைக்கு அரசாங்கம் கொடுத்த இடம். இவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அல்ல.

ஒதுக்கீட்டுப் பட்டியல் இணையத்தில் பொதுவாகவே வெளியாகும். தரவரிசை எண், பிரிவு, கிடைத்த கல்லூரி எல்லாம் அதில் இருக்கும். இரவு உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பெண்ணுக்கு அதே பிரிவில் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு, அந்தக் கோவைக் கல்லூரி முதல் சுற்றிலேயே கிடைத்திருந்தது. ஒருவர் இருவர் அல்ல. மறுநாள் அவனைக் கேட்டால், "சர்வர் பிரச்சினை சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறான்.

சர்வர் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தக் கலந்தாய்வு மென்பொருள் நாம் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. நம் தரவரிசைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அங்கே நின்றுவிடுகிறது. கீழே எவ்வளவு நல்ல கல்லூரி இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு அலுவலகத்தில் நீட் ஹால் டிக்கெட்டையும் ஆதாரையும் காட்டி, கடிதம் எழுதிக் கொடுத்து, நம்பரை மாற்றி லாகினைக் கைப்பற்றினோம். பூட்டிய பட்டியலைத் திறந்து பார்த்தால் முதல் இடத்தில் சென்னைப் புறநகர்க் கல்லூரி. கோவை ஒன்பதாவது இடத்தில் கிடந்தது.

அவனுக்கு இதில் என்ன லாபம் என்று யாரும் யோசிக்கலாம். பி.டி.எஸ். இடங்கள் எல்லா வருடமும் முழுதாக நிரம்புவதில்லை. கடைசிச் சுற்று முடிந்தும் காலியாக நிற்கும் கல்லூரிகள் உண்டு. பிள்ளை பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. இது வெறும் ஊகம் இல்லை. சேர்க்கை நாளில் கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் அத்தானிடம் சர்வசாதாரணமாக, "மதுரை ஆபீஸ் மூலமாதானே வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கட்டத்தில் அவன் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தது. அரசுக் கலந்தாய்வில் வந்த பிள்ளைக்கு எதற்கு அந்தக் கட்டம்?

இவ்வளவும் தெரியவந்தபோது முதலாண்டுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரிக்குள் போய்விட்டன. விலகுகிறோம் என்றால், மீதி வருடங்களுக்கான கட்டணத்தையும் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அசல் சான்றிதழை இப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருப்பது உண்மைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டு, தீர்ப்பு வருவதற்குள் ஒரு வருடம் போய்விடும். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. பி.டி.எஸ். என்பது நான்கு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். ஆரம்ப வருடங்களில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவது, பிளாஸ்டரில் வார்ப்பது, பொம்மைத் தலையில் துளை போடுவது என்று போகும். அதற்கு நோயாளி தேவையில்லை. மூன்றாம் வருடம் கிளினிக் ஆரம்பித்ததும்தான் கல்லூரியின் நிஜ நிலைமை வெளியே வந்தது. வரிசையாகப் பல் நாற்காலிகள் இருக்கின்றன, பாதியில் தண்ணீர் வராது, சிலவற்றில் வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறையே எடுக்கப்படவில்லை. உட்கார ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு துறையிலும் இத்தனை கேஸ் முடித்தாக வேண்டும் என்ற கணக்கு மட்டும் கறாராக இருக்கும்.

"பேஷண்ட நீங்களே கூட்டிட்டு வாங்க" என்பது அங்கே எழுதப்படாத விதி. பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் போய் நின்று ஆள் கேட்கிறார்கள். பஸ் காசு, டீ, கூலி போன அன்றைக்கு ஈடு எல்லாம் பிள்ளைகளின் கைக்காசு. முழுப்பல் செட் கட்டுவது இருப்பதிலேயே பெரும்பாடு. ஒரு பல்லும் இல்லாத ஆளாக வேண்டும்; அவர் ஒரு தடவை வந்தால் போதாது. முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடை கடிக்கும் அளவு, மெழுகில் பொருத்திப் பார்ப்பது, கடைசியில் செட் கொடுப்பது என்று திரும்பத் திரும்ப வர வேண்டும். எங்கள் பெண் பிடித்த ஒரு பாட்டி, தாடை அளவு எடுத்தபின் வரவே இல்லை. வேறு வழியில்லாமல் ராஜபாளையத்திலிருந்து எங்கள் ஆச்சியையே பொதிகையில் ஏற்றி அனுப்பினோம். ஹாஸ்டலுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்குத் தங்கவைத்து, ஆச்சியின் வாயில்தான் அவள் அந்தக் கேஸை முடித்தாள். செட் நன்றாகவே அமைந்திருக்கிறது, ஆச்சி முறுக்குக் கடிக்கிறாள். ஆனால் ஊருக்கு ஒரு ஆச்சிதானே? பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கும் நோயாளி வேண்டும். அதற்கென்றே கல்லூரி வாசலில் ஆள் பிடித்துத் தரும் புரோக்கர்கள் இருக்கிறார்கள், தேர்வு நாளில் ரேட் ஏறும். மதுரையில் ஒரு புரோக்கரிடம் ஆரம்பித்தது இங்கே இன்னொரு புரோக்கரிடம் வந்து நிற்கிறது.

ஊர் ஊராக ஒப்பிட்டுக் குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கிளைமேட், ரயில், கட்டடம் எல்லாம் அப்புறம். பல் மருத்துவத்துக்கு ஓ.பி.தான் பாடப்புத்தகம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஏன் அவ்வளவு போட்டி? 1953இல் ஆரம்பித்தது, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. யாரும் வேன் அனுப்பாமலேயே சனம் தானாக வந்து இறங்குகிறது. அரசுக் கல்லூரி கிடைக்காதவர்கள் சுயநிதியைப் பார்க்கும்போதும் அதே கண்ணோடு பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாதாரண வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போய் ஓ.பி. ஹாலில் ஒரு ஓரமாக உட்காருங்கள். தனியார் மருத்துவமனைதான், பல் வலி என்று சீட்டு வாங்கினால் யாரும் தடுக்க மாட்டார்கள். உங்கள் சீட்டில் இருக்கும் எண்ணே அன்றைய கூட்டத்தைச் சொல்லிவிடும். வெளியே டீக்கடையில் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி வருடத்தில் இருக்கும் பிள்ளைகள்) நிற்பார்கள். நீங்கள் எத்தனை பல் பிடுங்கியிருப்பீர்கள், பேஷண்ட் யார் கூட்டிவருவது, பயிற்சிக்கான ஸ்டைபண்ட் கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். கல்லூரியைப் பற்றி முதல்வர் அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

அங்கீகாரத்தைப் பல் மருத்துவக் கல்விக்கான தேசிய அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், புரோக்கர் காட்டும் பிரிண்ட்டை நம்பாதீர்கள். மாநில ஒதுக்கீட்டுக்கும் தனியார் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் கலந்தாய்வு நடத்துவது நம் தேர்வுக் குழு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அகில இந்திய 15 சதவீதத்துக்கும் மத்திய அரசின் எம்.சி.சி. (மருத்துவக் கலந்தாய்வுக் குழு); கர்நாடகாவின் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு அந்த மாநிலத்தின் கே.இ.ஏ. (தேர்வு ஆணையம்). நீட் எழுதி இந்தக் கலந்தாய்வுகள் வழியாக வராமல் பி.டி.எஸ். சீட் கிடையாது. "சீட்ட பிளாக் பண்ணி வைக்கிறேன், அட்வான்ஸ் போடுங்க" என்று எவன் சொன்னாலும், பிளாக் செய்ய அவனிடம் ஒன்றும் இல்லை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கல்லூரியே கேட்டாலும் அது நன்கொடை. தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டின் நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். விண்ணப்பத்தில் உங்கள் நம்பரைப் போடுங்கள், பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்தில் தன் நம்பரைத் தட்டிவிட்டால்கூட மாற்றச் சொல்லுங்கள். பூட்டிய பட்டியலை அன்றே பிரிண்ட் எடுத்து வரிசை சரிதானா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

எங்கள் விஷயம் இப்போது இப்படி இருக்கிறது. மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தபின் 40,000 ரூபாயைத் திருப்பித் தந்தான். மீதியைக் கேட்டால், "சீட் வாங்கிக் கொடுத்தாச்சே சார்" என்கிறான். அலுவலகம் வேறு தெருவுக்கு மாறிவிட்டது, போர்டில் பெயரும் மாறிவிட்டது, போன் நம்பர் மட்டும் பழையதே. மதுரை, விருதுநகர், தேனிப் பக்கம் இதே மாதிரி 'கைடன்ஸ் ஃபீஸ்' ரசீது வைத்திருப்பவர்கள் இருந்தால், பட்டியல் பிரிண்ட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களும் குற்றப்பிரிவில் எழுதிக் கொடுங்கள். ஒரே ஆள் மேல் இன்னும் இரண்டு மூன்று புகார் சேர்ந்தால் எப்.ஐ.ஆர். போடலாம் என்று அங்கிருந்த எஸ்.ஐ.யே சொல்லியிருக்கிறார்.