கேஸ் கிட் மாட்டித் தருகிறேன் என்று ஸ்டாண்டுக்கு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

போன வாரம் வடசென்னை வள்ளலார் நகரில் சவாரியை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வரிசையில் நின்ற ஆட்டோக்களுக்கு எல்லாம் கார்டு கொடுத்துக்கொண்டே வந்தான். எனக்கும் ஒன்று கிடைத்தது. ‘பெட்ரோல் செலவு பாதி, ஆர்.சி. வேலை எங்கள் பொறுப்பு’ என்று போட்டிருந்தது. கடை பெயர் புதிது, போன் நம்பரும் புதிது, எழுதியிருந்த வாசகம் மட்டும் அதேதான். பெட்ரோல் வண்டியைக் கேஸில் ஓட வைக்கிற கிட்தான் சரக்கு. 2022-இல் எனக்கு எல்.பி.ஜி. (சமையல் கேஸ் வகை) என்று விற்றதை இப்போது சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) என்று விற்கிறார்கள். ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனியும் அப்படி இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் மார்ச் மாதம் என்ன நடந்தது என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மறந்திருக்காது. நாலரை மாதம் அசையாமல் இருந்த பெட்ரோல் விலை 22-ஆம் தேதி ஏற ஆரம்பித்தது. பதினாறு நாளில் பதினாலு தடவை ஏறி, சென்னையில் 101 ரூபாய் 40 காசாக இருந்தது ஏப்ரல் 6-இல் 110 ரூபாய் 85 காசில் போய் நின்றது. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் ஆட்டோ. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், நாலு லிட்டர். ஊரடங்கு போட்ட 2020-இல் மே மாதம் 300 ரூபாயில் முடிந்த செலவு அந்த ஏப்ரலில் 440-ஐத் தாண்டிவிட்டது. மீட்டர் கட்டணமோ அப்போதும் 2013-இல் போட்டதேதான்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. மீட்டர் போடாமல் ஏன் பேரம் பேசுகிறீர்கள் என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். சரி, அது வேறு சண்டை.

இதில் ஒரு வேடிக்கை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் கம்பெனி டேங்குகள், எண்ணூர் சாலை முழுக்க டேங்கர் லாரி. அந்த வாடையோடுதான் இங்கே குழந்தைகள் வளர்கின்றன. விலையில் மட்டும் எங்களுக்கு ஒரு பைசா சலுகை கிடையாது.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஸ்டாண்டுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு. “வெளியில 27,000 ஆகும்ணா. நம்ம ஏரியா ஆளுங்கன்னு 18,000-க்குப் போட்டுத் தரேன். ரெண்டு மணி நேர வேலை. ஆர்.சி.யில ஏத்துறது ஒரு வாரத்துல முடிஞ்சிரும், நீங்க ஆபீஸ் பக்கமே வர வேணாம்.” பெட்ரோலில் என்ன மைலேஜோ அதே கேஸிலும் கிடைக்கும் என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் கேஸ் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், லிட்டர் கணக்கில் பார்த்தால் கேஸ் பெட்ரோல் அளவுக்கு ஓடாது. விலை குறைவாக இருப்பதால்தான் கட்டுப்படியாகிறது.

கையில் பணம் இல்லை. தண்டல்காரரிடம் 20,000 கேட்டேன். 3,000 பிடித்துக்கொண்டு 17,000 கொடுத்தார், தினம் 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வீட்டுக்காரி அப்போதே சொன்னாள்: “கேஸ்ல மிச்சம் புடிக்கிறது 150-தான்னு நீயே சொல்ற, தண்டலுக்கு 200 கட்டப் போற. யாருக்குய்யா லாபம்?” நூறு நாளுக்கு அப்புறம் எல்லாம் லாபம்தானே என்று வாயை அடைத்தேன். இன்றுவரை மாதம் ஒரு தடவையாவது அந்தப் பேச்சு வீட்டில் வருகிறது.

மூலக்கடையிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் தகர ஷெட். 10,000 போனில் அனுப்பினேன், பேர் ஒரு பெண்ணுடையதாக வந்தது. “என் ஒய்ஃப் அக்கவுண்ட்ணா” என்றார். மீதி 8,000 கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. அதில் ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது. கூடவே ஏதோ ஒப்புதல் சான்றிதழின் ஜெராக்ஸ். முத்திரை இருந்தது, அதனால் மடித்து பையில் வைத்துக்கொண்டேன். படிக்கவில்லை.

முதல் வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. பத்தாவது நாளிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. அப்புறம் சிக்னலில் நிற்கும்போது லேசாக கேஸ் வாடை. போன் செய்தால், “புது கிட்டுணா, செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.”

பத்தொன்பதாம் நாள் கேஸ் பங்கில் குட்டு வெளிப்பட்டது. தொட்டி 20 லிட்டர். எல்.பி.ஜி. தொட்டியை முழுசாக நிரப்பக் கூடாது. 80 சதவீதம் ஏறியதும் உள்ளே இருக்கும் வால்வு தானாக மூடிக்கொள்ளும், அதாவது 16 லிட்டர்தான் கொள்ளும். வெயிலில் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும். நான் எப்போதும் 300, 400 ரூபாய்க்குத்தான் போடுவேன், அதனால் எனக்கு இது தெரியவே இல்லை. அன்றைக்கு மறுநாள் திருவள்ளூர் சவாரி இருந்ததால் ஃபுல் போடச் சொன்னேன். பங்க் பையன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். “அண்ணே, 17 தாண்டிடுச்சு, இன்னும் ஏறிட்டே இருக்கு. தொட்டியில வால்வே இல்லையா?” அதற்கு மேல் போட மாட்டேன் என்றான். வண்டியை வெயிலில் நிறுத்தாமல் நேராகப் பதிவு பெற்ற ஒர்க் ஷாப்புக்குப் போகச் சொன்னான். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

ஒர்க் ஷாப்பில் பின்சீட்டுக்குப் பின்னாலிருந்த தொட்டியை இறக்கினார்கள். பளபளவென்று பெயின்ட். சுரண்டினால் உள்ளே துரு. நம்பர் அடித்திருக்கும் தகட்டைத் தேய்த்து அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இந்தத் தொட்டிகளை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் வைத்துச் சோதிக்க வேண்டும். கடைசியாகச் சோதித்த தேதியே அதில் இல்லை. பழைய வண்டி எதிலிருந்தோ கழற்றியது என்றார் மெக்கானிக். அப்புறம் அந்த ஜெராக்ஸை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். அது ஒரு காருக்கு வாங்கிய ஒப்புதல். இந்த கிட்டுகளுக்கு வண்டி மாடல் வாரியாகத்தான் ஒப்புதல் உண்டாம்.

அந்தப் பத்தொன்பது நாளும் காலையில் கொடுங்கையூரிலிருந்து ஐந்து பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இரண்டு பேர் உட்கார்ந்தது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஷெட்டுக்குப் போனால் பூட்டு. எதிரே பஞ்சர் கடைக்காரர், “நீ எட்டாவது ஆளு நைனா” என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்தேன், என் வண்டி நம்பருக்கு விண்ணப்பம் என்று ஒரு காகிதம்கூடப் போகவில்லை. எரிபொருளை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றியே ஆக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. ஏற்றாத வண்டி இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்க அதுவே போதும். போலீசில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். கையில் கொடுத்த 8,000-க்கு சாட்சியே இல்லை. போனில் அனுப்பிய 10,000-க்கு அக்கவுண்ட் இருந்ததால் அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஸ்டாண்டு செயலாளர் விடாமல் கூட நடந்தார். இரண்டு தவணையில் 7,000 திரும்பி வந்தது. அந்த ஆள் மட்டும் கண்ணில் படவில்லை.

கேஸுக்கு மாறுவதே தப்பு என்று சொல்லவில்லை. எங்கள் ஸ்டாண்டில் முறையாக மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டாண்டுக்குத் தேடி வந்து மாட்டுகிறவர் வேண்டாம். தொட்டித் தகட்டில் இருக்கும் நம்பரும் சான்றிதழில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று, மாட்டுவதற்கு முன்னால், பெயின்ட்டைச் சுரண்டியாவது பாருங்கள். சி.என்.ஜி. என்றால் சோதனை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தத் தேதியைக் கேளுங்கள். சி.என்.ஜி.யில் அழுத்தம் எல்.பி.ஜி.யைவிடப் பல மடங்கு, துருப்பிடித்த சிலிண்டர் அதற்குத் தாங்காது. ஆர்.சி.யில் ஏறிய பிறகுதான் கடைசித் தவணை என்று பேசி, அதையும் அக்கவுண்டில் போடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எனக்கு இது தெரிய வந்தபோது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது.

தண்டலை நூறு நாளும் கட்டி முடித்தேன். வண்டி இன்னும் பெட்ரோலில்தான் ஓடுகிறது. வள்ளலார் நகரில் வாங்கிய கார்டு டேஷ்போர்டில் இருக்கிறது, ஸ்டேஷனில் கொடுக்க நாளைக் காலை போகிறேன். அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால் கூட வாருங்கள்.