பழைய வேனின் மீற்றர் போர்ட்: நோண்டிப் பார்ப்பதா, மாற்றிப் போடுவதா?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வாசலில் நிற்கும் 1980களின் டொயோட்டா லைட் ஏஸ் வேனுக்கு ஒரு வினோத வியாதி வந்தது. ஹெட்லைட்டைப் போட்டால் பெற்றோல் முள் ஏறும், கூடவே சூட்டு முள்ளும் ஏறும். சிக்னல் போட்டால் போர்ட் வெளிச்சம் அதே தாளத்தில் மங்கி மங்கி எரியும். கேட்டவர்கள் மூன்று வழி சொன்னார்கள்: இருப்பதைக் கழற்றிப் பழுது பார், பழைய பார்ட்ஸ் கடையில் முழு போர்ட்டை வாங்கிப் போடு, தனித்தனி மீற்றர்கள் பூட்டு.

முதல் வழிதான் மலிவு. ஆனால் பொறுமை வேண்டும். அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் இரண்டு முள்ளுக்கும் சுமார் 7 வோல்ட் கொடுக்கும் ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கும். பழைய இங்கிலாந்துக் கார்களில் அது 10 வோல்ட். போர்ட்டின் ஏர்த் (வண்டியின் உடம்பு வழியாக பற்றரியின் நெகட்டிவுக்குப் போகும் இணைப்பு) கெட்டால் ரெகுலேட்டரின் கணக்கும் கெடும், இரண்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும். ஒரு முள் மட்டும் பிழை என்றால் அந்த மீற்றரையோ, அதன் சென்டரையோ (டாங்கிலோ இஞ்சினிலோ இருந்து அளவை அனுப்பும் கருவி), வயரையோ சந்தேகிக்கலாம்.

சென்டர் வயரைக் கழற்றி ஏர்த்தில் தொட்டுப் பார்ப்பது நம் மெக்கானிக் பாஸ்மார் எல்லோரும் செய்வதுதான். நேராகத் தொடாமல் 3.4 வாட் பல்ப் ஒன்றை நடுவில் வைத்துத் தொடுங்கள், மீற்றர் பிழைக்கும். முள் நகர்ந்தால் மீற்றரும் வயரும் நலம், சென்டர்தான் நோயாளி.

மல்டிமீட்டரை மட்டும் நம்பி நான் ஒரு நாள் முழுக்க வீணடித்தேன். பச்சை பிடித்த வயரும் சும்மா இருக்கையில் 12 வோல்ட் காட்டும். பல்ப் எரியவிட்டால்தான் அதன் குட்டு வெளிப்படும். லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, போர்ட்டின் ஏர்த் முனைக்கும் பற்றரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஏர்த் ஸ்குருவைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வயர் ஒன்று இழுத்தேன். வியாதி போயிற்று. வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரையில் கடற்காற்று தின்பது இந்த மாதிரி முனைகளைத்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் பக்கம் நிற்கும் வண்டி என்றால் முதலில் எலி கடித்த வயரைத் தேடுங்கள்.

இரண்டாவது வழி, பழைய போர்ட். பின்பக்கத்துச் செப்புத் தகடு கருகிப்போயிருந்தால், மீற்றருக்குள் சுருள் அறுந்திருந்தால், இதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் அதே மொடல், அதே இஞ்சின் பார்த்து வாங்க வேண்டும். பெற்றோல் வண்டியின் போர்ட் டீசல் வண்டிக்குச் சரிவராது, ஸ்டார்ட் செய்யுமுன் டீசல் இஞ்சினைச் சூடாக்குவதைக் காட்டும் ஹீட்டர் லைட்டே இராது. ஓடிய கிலோமீற்றரும் மாறிவிடும், வண்டி விற்கும்போது அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முக்கியமாக, ஏர்த் கெட்டிருந்தால் புதிதாய் வரும் போர்ட்டும் அதே பொய்யைத்தான் சொல்லும். வாங்கிவிட்டு இதைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி பார்க்க அழகு, பூட்டத் தலைவலி. ஒயில் பிரஷர் சென்டரின் மரையை மட்டும் பாருங்கள்: ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க முறையில் வருவதில் 27. ஏறுவது போல ஏறி நடுவில் இறுகும், பலம் போட்டால் இஞ்சின் பக்கத்து மரை போய்விடும். இருந்தாலும் சூட்டுக்கு மட்டும், கரண்டே தேவையில்லாத குழாய் வகை மீற்றர் ஒன்று தனியாகப் பூட்டுவதை நான் எதிர்க்க மாட்டேன். அம்பாறையிலிருந்து நெல் ஏற்றி வரும் பழைய லொறிக்கு அது உயிர் காக்கும்.

சரி, வெளிச்சம். போர்ட் லைட்டும் பின் லைட்டும் ஒன்றாகப் போனால் முதலில் டெயில் பியூஸ். போர்ட் மட்டும் இருண்டால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைச் சந்தேகியுங்கள், பல தடவை அதைச் சுழற்றினாலே உயிர் வரும். எல்ஈடி பல்ப் பிரகாசம்தான், திருப்பிப் போட்டால் எரியாது, அதைக் கழற்றி மறுபக்கம் போட வேண்டும். சார்ஜ் லைட்டுக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். பல வண்டிகளில் அந்தப் பழைய பல்ப் வழியாகப் போகும் கரண்ட்தான் அல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்ஈடி போட்டால் ஸ்டார்ட் செய்து அக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தும் வரை பற்றரிக்குச் சார்ஜே போகாமல் இருக்கலாம்.