ரெண்டரை வருசம் சைபர்பங்க் ரெட் விளையாடிப் பாத்ததில: இம்ப்ளாண்ட் ரூல்ஸ் எப்பிடி?

திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு மொட்டை மாடி, ஞாயிறு பின்னேரம், அஞ்சு பேர், ஒரே ஒரு செட் டைஸ், மற்றாக்களுக்கு போன் ஆப். நான்தான் ஜிஎம், கதைய நடத்துற ஆள். 2020ல வந்த இந்த ரோல்பிளே கேம (ஆளுக்கொரு கரெக்டர் எடுத்து, டைஸ் உருட்டிக் கதையா விளையாடுறது) பிடிச்சு ரெண்டரை வருசமாச்சு, கேம் நல்லம், ஆனா கரெக்டர்ட உடம்பில இரும்பு பூட்டுற (அதுதான் இம்ப்ளாண்ட்) ரூல்ஸ மட்டும் மூண்டு தரம் மாத்திட்டம்.

தெரியாத ஆக்களுக்கு: எம்பதி, அதாவது இரக்கம் எண்டு கரெக்டருக்கு ஒரு ஸ்டாட், அத 10ஆல பெருக்கினா ஹியூமானிட்டி, மனுசத்தன்மை. பூட்டப் பூட்ட அது குறையும், 10 குறைய எம்பதி ஒண்டு இறங்கும், 0க்குக் கீழ போனா கரெக்டர் ஜிஎம் கைக்கு வந்திடும். இதில ஒரு கூத்து என்னெண்டா எம்பதி 8 உள்ளவன்ட்ட 80 இருக்கு, 3 உள்ளவன்ட்ட 30தான், சோ குழுவிலயே இரக்கமான மனுசன்தான் கனக்க இரும்பு பூட்டலாம். எங்கட டேபிள்ல ஊருக்கெல்லாம் கண்ணீர் விடுற டொக்டர்தான் ஆகப் பயங்கரமான ஆள்.

பிறகு ஸ்பீட்வெயார், வேகத்துக்குப் பூட்டுற இம்ப்ளாண்ட், ரெண்டு வகை. கெரென்சிகோவ் எப்பவும் இனிஷியேட்டிவுக்கு (சண்டையில ஆர் முந்துறது எண்டுறதுக்கு) +2, ஹியூமானிட்டி 14 போகும். சாண்டெவிஸ்டான் +3, 7தான் போகும், ஆனா ஒரு நிமிசம்தான் வேலை செய்யும், பிறகு ஒரு மணித்தியாலம் பொறுக்கோணும். கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ரவுண்ட் 3 செக்கன், ஒரு நிமிசத்துக்கு 20 ரவுண்ட், எங்கட சண்டை ஒண்டும் 6 ரவுண்ட் தாண்டினதில்ல, பிறகு ஆர் கெரென்சிகோவ் வாங்குவான்? முதல்ல நான் சாண்டெவிஸ்டானையும் 14 ஆக்கினன், பெடியள் சண்டைக்கு வந்திட்டாங்கள். இப்ப ரூல் பழையபடி, ஆனா முதல் சண்டை முடிஞ்சு இருவது நிமிசத்தில ரெண்டாவது கேங் வந்து நிக்கும். அவ்வளவுதான், பிரச்சின முடிஞ்சுது.

அடுத்தது, இம்ப்ளாண்டுக்குப் போற ஹியூமானிட்டி கரெக்டர் செய்யேக்க நிலையான எண், கேம் நடக்கேக்க பூட்டினா டைஸ் உருட்டோணும். 41ல இருந்த ஒருத்தன் நாலு டைஸ் உருட்டி 22 விழுந்துது, எம்பதி 4ல இருந்து 1. அண்டைக்கு அவன் பிளேன்டீயும் குடிக்காமப் போயிட்டான். இப்ப உருட்டலாம், இல்லாட்டி நிலையான எண்ண எடுக்கலாம் எண்டு விட்டிருக்கு. ஒருத்தரும் உருட்டுறேல்ல.

தெரபி ரூல் எனக்குப் பிடிச்சது. 500 எடிஸ் (கேம்ல வாற காசு) குடுத்தா போன ஹியூமானிட்டியில ரெண்டு டைஸ் அளவு திரும்ப வரும், ஆனா பூட்டியிருக்கிற ஒவ்வொரு இம்ப்ளாண்டுக்கும் உச்ச அளவில 2 குறைஞ்சே இருக்கும். அடகு மீட்டாலும் சங்கிலியில ரெண்டு வளையம் காணாமப் போன மாதிரி.

ஆனா எங்கள உண்மையில நிப்பாட்டினது கால். ஒருத்தன்ட கரெக்டருக்குச் சண்டையில கால் போயிட்டு, சைபர்லெக், அதான் இயந்திரக் கால் பூட்டோணும், லிஸ்டில ஹியூமானிட்டி 3 போகும். நான் சொல்லிட்டு அடுத்த ஆளிட்டப் போகப் பாத்தன், அவன் விடேல்ல. "டேய் மச்சான், எங்கட மாமாக்கு மிதிவெடியில கால் போய் ஜெய்ப்பூர் கால், செயற்கைக் கால்தான போட்டிருக்கார், அவருக்கு எவ்வளவு குறைஞ்சது எண்டு சொல்லு பாப்பம்?" மூதூர்ப் பக்கம் கலியாண வீடுகளில முன்னுக்கு நிண்டு பந்தி பரிமாறுற ஆள் அவர், எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கதைக்கேல்ல. காலில்லாத ஆக்கள் எல்லா ஊரிலயும் இருக்கிற எங்கட பக்கத்தில அந்த 3 வேற மாதிரிக் கேக்குது.

அண்டைக்கே எழுதி வச்சம்: போனதத் திருப்பித் தாற காலுக்கும் கண்ணுக்கும் ஹியூமானிட்டியில ஒண்டும் வெட்டுறேல்ல, அதுக்கு மேல கூடுதலாப் பூட்டுறதுக்கு மட்டும் வெட்டு. இப்ப புதுப் பிரச்சின, ஒருத்தன் வேணுமெண்டே கைய வெட்டக் குடுத்திட்டு வந்து நிக்கிறான்.