கைக்காசு போடாமல் அமேசான் அசோசியேட்ஸ்: எங்கே பலன், எங்கே பொறி

நீங்கள் கொடுக்கும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் தருவதுதான் அமேசான் இந்தியாவின் அசோசியேட்ஸ் திட்டம். அதில் சேரக் கட்டணம் கிடையாது. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் கமிஷன் வாங்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் கிடைத்த இடத்தில் எல்லாம் லிங்க்கை ஒட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் தேறாது. ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவருக்கு நல்ல தமிழில், நேர்மையாகப் பதில் எழுதி வைப்பவருக்குத்தான் பணம் வரும். அந்த வேலைக்கு நேரம் ஒதுக்க முடிந்தால் தாராளமாகச் சேரலாம். முடியாதென்றால் இப்போதைக்கு விட்டுவிடுவது நல்லது.

பலரும் சறுக்குவது முதல் படியிலேயே. முதலில் கணக்கைத் திறந்துவிட்டு, பிறகு எழுத ஆரம்பிக்கிறார்கள். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகுதியான விற்பனை குறைந்தது மூன்று நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்களே வாங்கியது, வீட்டார், நெருங்கிய நண்பர்கள் உங்களுக்காக வாங்கியது எதுவும் கணக்கில் வராது. மூன்று விற்பனை ஆன பிறகுதான் உங்கள் தளத்தை ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். அப்போது தளம் காலியாக இருந்தாலும், அமேசான் பக்கத்தின் விவரத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் பழைய டேக் (லிங்க்கில் இருக்கும் உங்கள் அடையாளக் குறி) உள்ள லிங்க் எல்லாம் செத்த லிங்க். பதிவு பதிவாகப் போய் மாற்ற வேண்டியிருக்கும்.

அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். கூகுளின் பிளாகரில் இலவசமாக ஒரு தளம் தொடங்குங்கள். பிளாக்ஸ்பாட் முகவரியே போதும், டொமைன் வாங்கத் தேவையில்லை. ஒரே துறையில் பத்துப் பதிவாவது எழுதுங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தை இணையுங்கள், அதற்கும் காசு இல்லை. எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் வருகிறது, எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்று அங்கே தெரியும். தினமும் நாலு பேராவது தேடி வரத் தொடங்கிய பிறகு அசோசியேட்ஸ் கணக்கைத் திறந்தால் 180 நாள் கெடு ஒரு சுமையாகவே இருக்காது.

என்ன எழுதுவது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. டேபிள்டாப் வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். "சிறந்த 10 கிரைண்டர்கள்" என்று எழுதினால் பெரிய தளங்களோடு மோத வேண்டும். அதில் ஜெயிப்பது கஷ்டம். வாங்கப் போகிறவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 2 லிட்டர் போதுமா? கூம்பு வடிவக் கல் நல்லதா, உருளைக் கல்லா? பெல்ட் தேய்ந்தால் உள்ளூரில் கிடைக்குமா? டிரம்மைத் தூக்கிச் சாய்த்து மாவை எடுக்க வயதானவர்களால் முடியுமா? 2 லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு, அவ்வளவு அரிசியைக் கொட்டி அரைக்க முடியாது என்பதைப் பல விற்பனைப் பக்கங்கள் தெளிவாகச் சொல்வதில்லை. அதைச் சொல்கிற பதிவை வாசகர் நம்புவார்.

இன்னும் உள்ளே போகலாம். அமெரிக்காவுக்குக் கிரைண்டர் எடுத்துப் போக நினைக்கும் குடும்பங்கள் ஏராளம். இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் மோட்டார் ஓடும் வேகம் மாறும். அங்குள்ள மின்சாரத்துக்கென்றே செய்து, 110 வோல்ட் என்ற பெயரில் விற்கும் மாடலைத்தான் வாங்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதினால், பெட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதைவிட உபயோகமான பதிவு இருக்காது. ஒன்று கவனம்: அமெரிக்க அமேசானில் வாங்குகிறவருக்கு இந்தியக் கணக்கின் டேக் செல்லாது, அந்த நாட்டுத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். இலங்கைக்கென்று அமேசான் கடையே இல்லை.

குறையையும் எழுதுங்கள். "இது உங்களுக்கு வேண்டாம்" என்று ஓரிடத்திலாவது சொல்லாத பதிவுக்கு மதிப்பில்லை. பொருளைக் கையால் தொட்டதில்லை என்றால் தொட்டதுபோல எழுத வேண்டாம்; கையேடு, வாரன்ட்டி விதி, உதிரிபாக விலை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து எழுதினாலே வாசகருக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

லிங்க் எடுக்கும் முறைக்கு வருவோம். கணினியில் அசோசியேட்ஸ் கணக்கோடு உள்ளே நுழைந்தால் அமேசான் பக்கத்தின் மேலே சைட்ஸ்ட்ரைப் பட்டை தெரியும்; அதில் டெக்ஸ்ட் லிங்க் எடுக்கலாம். அதிலிருந்தே பட லிங்க் எடுக்கும் வசதி 2023 கடைசியோடு நின்றுவிட்டது. பழைய காணொளிகள் இன்னும் அதையே சொல்லிக்கொடுக்கின்றன, நம்ப வேண்டாம். பொருளின் படத்தை அமேசானிலிருந்து சேமித்து உங்கள் பதிவில் ஏற்றுவதும், அங்குள்ள வாடிக்கையாளர் விமர்சனத்தை நகலெடுப்பதும் விதிமீறல். விலையைக் கையால் தட்டச்சு செய்து போடவும் அனுமதியில்லை, ஏனென்றால் மணிக்கு மணி அது மாறும். "இப்போதைய விலையைப் பார்க்க" என்று எழுதி லிங்க் கொடுப்பதே வழி.

மொபைல் ஆப்பில் சாதாரண ஷேர் பட்டனை அழுத்தி எடுக்கும் லிங்க்கில் உங்கள் டேக் இல்லாமல் போகலாம். கமிஷன் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எடுத்த லிங்க்கை பிரவுசரில் திறந்து, முகவரியில் டேக் என்ற இடத்தில் உங்கள் ஐடி இருக்கிறதா, அது -21 என்று முடிகிறதா என்று பாருங்கள். ஒரு கணக்கில் இப்படி 100 டிராக்கிங் ஐடி (டேக்கில் வரும் அந்த ஐடிதான்) வரை உருவாக்கலாம். பிளாகருக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் எது சம்பாதிக்கிறது, எது வெட்டி வேலை என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். லிங்க்குக்கு நோஃபாலோ அல்லது ஸ்பான்சர்ட் குறி போட மறக்காதீர்கள்; இது காசுக்காகக் கொடுத்த லிங்க் என்று கூகுளுக்குச் சொல்வது அதுதான். பிளாகரின் லிங்க் பெட்டியிலேயே நோஃபாலோவுக்குத் தேர்வுக் கட்டம் இருக்கிறது.

பரப்புவதற்கு யூடியூபே முதல் இடம். போனில் எடுத்த காணொளியே போதும். லிங்க்கை விவரப் பகுதியின் முதல் இரண்டு வரிக்குள் வையுங்கள். ஷார்ட்ஸின் விவரத்திலும் கமென்ட்டிலும் உள்ள லிங்க் 2023 ஆகஸ்ட் 31 முதல் சொடுக்க முடியாததாகிவிட்டது. ஷார்ட்ஸிலிருந்து முழுக் காணொளிக்கு ஆளைக் கொண்டுபோய், அங்கே லிங்க் கொடுக்க வேண்டும். இன்ஸ்டாவில் கேப்ஷனில் உள்ள லிங்க் வேலை செய்யாது. பயோவில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் உண்டு. கேள்வி-பதில் தளமான கோராவில் அஃபிலியேட் லிங்க்குக்கே, அதாவது கமிஷன் தரும் லிங்க்குக்கே இடமில்லை.

வாட்ஸ்அப்பில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லிங்க் போடும் இடத்தை எல்லாம் அசோசியேட்ஸ் கணக்கின் தளப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அமேசானால் திறந்து பார்க்க முடியாத குடும்பக் குழுவை எப்படிச் சேர்ப்பது? இமெயிலிலும் பிடிஎஃப் கோப்பிலும் அஃபிலியேட் லிங்க் வைப்பதும் தடை. வழி எளிது: குழுவில் அமேசான் லிங்க்கைப் போடாதீர்கள், உங்கள் பதிவின் லிங்க்கைப் போடுங்கள். படிக்கிறவர் பதிவுக்கு வந்து, அங்கிருந்து அமேசானுக்குப் போகட்டும். உங்கள் லிங்க் வழியாக வாங்கினால் பரிசு, கேஷ்பேக் என்று ஆசை காட்டக் கூடாது.

இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை 24 மணி நேர கெடு. லிங்க்கைச் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். இடையில் வேறொருவர் லிங்க்கைச் சொடுக்கிவிட்டால் பலன் அவருக்குப் போய்விடும். ஒரே ஆறுதல், அந்த நேரத்துக்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் 89 நாள் வரை கெடு நீளும். பண்டிகைத் தள்ளுபடிக்கு முந்தைய வாரம் எழுதும் பதிவுகளுக்கு இது பெரிய பலம், ஏனென்றால் மக்கள் அப்போது கார்ட்டை நிரப்பிவிட்டு விற்பனை தொடங்கக் காத்திருப்பார்கள். அதேபோல, கிரைண்டருக்கான லிங்க்கில் போனவர் வேறு பொருளை வாங்கினாலும் உங்களுக்குக் கமிஷன் உண்டு.

பணக் கணக்கைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கமிஷன் விகிதம் பொருள் வகைக்கு ஏற்ப மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். எழுதும் முன் அன்றைய பட்டியலைப் பாருங்கள். விகிதம் 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ₹3,000 மிக்ஸிக்கு ₹150 வராது. 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் மிச்சம் சுமார் ₹2,542, கமிஷன் ₹127. பொருள் அனுப்பப்பட்ட பிறகுதான் அது கணக்கில் ஏறும், திருப்பி அனுப்பினால் கழித்துவிடுவார்கள். அதனால் அதிகம் திரும்பி வரும் துணிமணி, செருப்பு வகைகளை நம்பி மாத பட்ஜெட் போட வேண்டாம். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து, பாக்கி ₹1,000-ஐ எட்டியிருந்தால் வங்கிக்கு வரும். கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 2024 அக்டோபரில் 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

லிங்க் மூலம் உங்களுக்குக் கமிஷன் வரும் என்பதைப் பதிவின் தலைப்புக்குக் கீழேயே, தமிழிலேயே எழுதுங்கள். அமேசானும் கேட்கிறது, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் கேட்கிறது. அடியில் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்தால் அது அறிவிப்பே ஆகாது.

மாதம் ஒருமுறை எல்லா லிங்க்கையும் சொடுக்கிப் பாருங்கள். கிரைண்டர், மிக்ஸி மாடல்கள் சத்தமில்லாமல் நிறுத்தப்படும். ஸ்டாக் இல்லாத பக்கத்துக்குப் போகிறவர் அங்கிருந்தே திரும்பிவிடுவார். மாடல் மாறியிருந்தால் லிங்க்கை மட்டும் மாற்றினால் போதாது. கல், மோட்டார், வாரன்ட்டி மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவையும் திருத்தி, திருத்திய தேதியை மேலே போடுங்கள்.