ஆராய்ச்சிக்குக் கருமுட்டை கேட்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள்

கேட்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். என்னிடம் கேட்டது எனக்குக் குழந்தையின்மை சிகிச்சை பார்த்த டாக்டரேதான். முட்டைகளில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்குத் தந்தால் கட்டணத்தில் தள்ளுபடி என்றார். அந்த ஆராய்ச்சியில் அவருக்கும் பங்கு உண்டு என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிய வந்தது. சிகிச்சை தருபவரும் ஆராய்ச்சியாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படை நெறி. மனிதக் கருவைக் குளோனிங் செய்து ஸ்டெம் செல் எடுத்ததாகச் சொன்ன தென் கொரிய விஞ்ஞானி ஹ்வாங் வூ-சுக்கின் விவகாரம் நினைவிருக்கும். 2,000க்கும் மேற்பட்ட முட்டைகள் செலவாயின, அவருடைய ஆய்வகத்து இளம் பெண் ஆய்வாளர்களும் முட்டை தந்திருந்தார்கள், கடைசியில் 2006இல் கட்டுரைகள் பொய் என்று திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் இப்படி!

ஒப்புதல் படிவத்தில் "மருத்துவ முன்னேற்றத்துக்காக" என்று ஒரே ஒரு வரி. அந்த முட்டைகளிலிருந்து கரு உருவாக்குவார்கள், சில நாள் வளர்த்து அதைக் கலைத்துச் செல் எடுப்பார்கள் என்று எங்கேயும் இல்லை. அதற்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் என் விருப்பம். ஆனால் சொல்லிவிட்டல்லவா கேட்க வேண்டும்?

முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பிக்கொண்டே போனது. மூச்சு வாங்கியது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. சிகிச்சை மையத்துக்குப் போன் செய்தால் "எல்லாருக்கும் இருப்பதுதான், தண்ணீர் குடியுங்கள்" என்றார்கள். வேறு மருத்துவமனையில்தான் முட்டை வளரப் போட்ட ஊசிகளால் சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்திருப்பதைச் சொன்னார்கள். ஒரே சமயத்தில் நிறைய முட்டைகள் முதிரும்போது இந்த ஆபத்தும் கூடும். முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு, முட்டைகளை முதிரவைக்கப் போடும் கடைசி ஊசியை, ஹெச்சிஜி (hCG) என்ற ஹார்மோனுக்குப் பதிலாக ஜிஎன்ஆர்ஹெச் அகோனிஸ்ட் (GnRH agonist) என்ற வேறு வகை மருந்தாக மாற்றினால் ஆபத்து வெகுவாகக் குறையுமாம். அப்படி ஒன்று இருப்பதாக மையத்தில் யாரும் மூச்சுவிடவில்லை.

அந்த மருத்துவமனைச் செலவு முழுக்க என் தலையில். கேட்டதற்கு, "ஆராய்ச்சி நிதியில் அதற்கு இடமில்லை." சரி, என் முட்டைகளையாவது விட்டுவிடுங்கள் என்றால், "பயன்படுத்தியாகிவிட்டது." எப்போது வரை விலகலாம் என்று படிவத்தில் இருந்தால்தானே!

நெறிமுறைக் குழுவுக்குப் புகார் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. உங்களிடம் யாராவது கேட்டால் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்: முட்டையை என்ன செய்வார்கள், எதுவரை மனம் மாறலாம், உடம்புக்கு வந்தால் செலவு யாருடையது. தர மறுத்தால் முதல் ஊசியே போட்டுக்கொள்ளாதீர்கள்.