ஓசோகரைட் என்று விற்கப்படும் மெழுகுவர்த்தி மெழுகு: லிப் பாம் செய்பவர்கள் கவனிக்கவும்

ஓசோகரைட் என்பது பாம், களிம்புகளைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கனிம மெழுகு. லிப் பாம், பித்தவெடிப்புக் களிம்பு செய்பவர்களுக்கு மூலப்பொருள் விற்கும் ஆன்லைன் கடை ஒன்றிலிருந்து ‘காஸ்மெட்டிக் கிரேடு ஓசோகரைட், உருகுநிலை 74–78 டிகிரி’ என்ற லேபிளோடு வந்த மெழுகு 58 டிகிரியிலேயே சொட்டியது. மெழுகுவர்த்தி செய்யும் சாதாரண பாராஃபின் அது, விலை மட்டும் பல மடங்கு. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

நன்கு சுத்திகரித்த பாராஃபின் சருமத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வேலைக்கு ஆகாது. கனிம மெழுகு தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. அதனால்தான் குளித்த கையோடு தடவச் சொல்வது. அந்தப் படலம் வளைந்து கொடுக்க வேண்டும். பாராஃபினின் படிகங்கள் பெரியவை; படலம் விரிசல் விடும், எண்ணெயும் உள்ளே நிற்காது. சித்திரை வெயிலில் பாமின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்துக் கிடக்கும். ஓசோகரைட்டின் படிகங்கள் மிக நுண்ணியவை, எண்ணெயைப் பிடித்து வைக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 0–110 டிகிரி கண்ணாடி லேப் தெர்மாமீட்டரின் குமிழை உருகிய மெழுகில் தோய்த்து ஆறவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம், வெடித்துவிடும். அதை ஒரு சோதனைக் குழாய்க்குள் சுவரில் படாமல் தொங்கவிட்டு, குழாயை வெந்நீரில் இறக்கி, நிமிடத்துக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் ஏறாமல் சூடாக்குங்கள். முதல் சொட்டு விழும் வெப்பநிலையே கணக்கு. அடுத்து 2 கிராம் மெழுகு, 8 கிராம் பாதாம் எண்ணெய் சேர்த்து உருக்கி ஊற்றி, ஓர் இரவு 40 டிகிரி சூட்டில் வைத்தால் வியர்ப்பது தெரிந்துவிடும். கையில் உடைத்தும் பாருங்கள்: பாராஃபின் படக்கென்று முறியும், ஓசோகரைட் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

மண்ணெண்ணெய் வாடை அடித்தால் சோதனையே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சரியாகச் சுத்திகரிக்காத மெழுகில் புற்றுநோய் உண்டாக்கும் அரோமாட்டிக் சேர்மங்கள் தங்கியிருக்கலாம். பெட்ரோலேட்டத்தின் (பெட்ரோலியம் ஜெல்லி) முழுச் சுத்திகரிப்பு வரலாறும் தெரிந்தால்தான் அழகுசாதனத்தில் சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது.

‘சுரங்கத்தில் வெட்டிய இயற்கை ஓசோகரைட்’ என்ற விளம்பரத்துக்கும் மயங்காதீர்கள். உக்ரைனின் போரிஸ்லாவில் ஒரு காலத்தில் வெட்டினார்கள், உண்மைதான். இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகும் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) பாராஃபினும் கலந்த கலவை. அதில் தப்பில்லை, உருகுநிலை சொன்னபடி இருந்தால் போதும்.

பணம் கட்டும் முன் அந்த பேட்ச் நம்பருக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். உருகுநிலையும், மெழுகில் தங்கியிருக்கும் எண்ணெயின் அளவும் அதில் இருக்க வேண்டும். முதலில் 50 கிராம் மட்டும் வாங்கிப் பாருங்கள். பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.