டெம்ப்சி ஹில்: அம்மாவோடு ஒரு ஞாயிறு மதியம்

1985-ல் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணிக்காக நான் போய் நின்ற இடம் சிங்கப்பூரின் டெம்ப்சி சாலை. சி.எம்.பி.பி. என்று நாங்கள் சொல்லும் மத்திய ஆள்பலத் தளம் அப்போது அங்கேதான் இருந்தது. இளஞ்சிவப்பு அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, லெவன்-பி என்கிற ராணுவ அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் லாரியில் ஏற்றினார்கள். அம்மா வெளியே ஒரு மரத்தடியில், மடித்த கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று பல வருடம் கழித்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு, 82 வயது அம்மாவை அதே மேட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். இந்த விமர்சனம் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, மொத்த இடத்துக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது முதலில் ஜாதிக்காய்த் தோட்டம். 1850களில் நோய் வந்து மரங்கள் பட்டுப்போக, 1860களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் இங்கே தங்ளின் முகாமைக் கட்டியது. 1971-ல் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பியபின் நம் தற்காப்பு அமைச்சு உள்ளே வந்தது. 1989-ல் அமைச்சும் சி.எம்.பி.பி.யும் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. அதற்குப்பின் மரச்சாமான், கம்பளம், பழம்பொருள் கடைகள். 2007 வாக்கில்தான் உணவகங்கள் வரிசையாக வந்து இப்போதைய டெம்ப்சி ஹில் ஆனது.

இடிக்காமல் விட்டார்களே, அதற்கே முழு மதிப்பெண் கொடுப்பேன். நீளமான ஒற்றை மாடிக் கட்டடங்கள், ஓட்டுக்கூரை, அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிற ஜன்னல்கள். ஏர்கான் இல்லாத காலத்தில் சிப்பாய்கள் வெப்பத்தில் சுருண்டுவிடக் கூடாது என்று யோசித்துக் கட்டியது. நிலத்தை யாருக்கும் விற்கவில்லை. அரசு நிலம், சிங்கப்பூர் நில ஆணையத்தின் பொறுப்பில் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத்தான் விடுகிறார்கள். அதனால் கடைகள் மாறினாலும் சுவர் மாறவில்லை, மரங்கள் மாறவில்லை. ஆர்ச்சர்ட் சாலைக் கடைவீதி இவ்வளவு பக்கத்தில் இருக்கிற மேட்டில் இந்நேரம் கோபுர வீடுகள் எழும்பியிருக்கலாம்.

சாப்பாட்டுக்கு நாங்கள் போனது சாமிஸ் கறி. முன்பு சிவில் சர்வீஸ் கிளப்பின் சாப்பாட்டுக்கூடமாக இருந்த கட்டடம். உட்கார்ந்ததும் வாழையிலை விழுகிறது. சோறு ஒருவர், காய் ஒருவர், குழம்பு ஒருவர் என்று மாறி மாறி வருகிறார்கள். மீன்தலைக் கறி சொன்னோம். புளிப்பு முன்னால் வந்து, காரம் மெதுவாகப் பின்னால் வருகிறது; வெண்டைக்காய் குழையாமல் முழுசாக இருந்தது. மசாலாக் கோழியை அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். வீட்டில் அரை அகப்பைச் சோற்றோடு எழுந்துவிடுகிறவர், இங்கே மீன் கன்னத்துச் சதையை விரலால் பிரித்தெடுத்து, முள்ளை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துச் சாப்பிட்டார். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம், மூன்று தலைமுறை, எல்லாரும் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமாகப் பேசலாம், குழந்தை ஓடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்த மேட்டில் எனக்கு மனசு ஒட்டுகிற இடம் இதுதான்.

மற்ற இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டபின் ஒரு காப்பி குடிக்கலாம் என்று வேறொரு கடைக்குப் போனோம். மூன்று பேருக்குக் காப்பி, ஒரு கேக்: 40 வெள்ளியை (டாலர்) தாண்டிவிட்டது. சக்கர நாற்காலியை உள்ளே கொண்டுபோகச் சாய்தளம் இல்லை. நானும் மனைவியும் அம்மாவைத் தூக்கித்தான் படியேற்றினோம். ஊழியர் ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். இது எனக்கு வருத்தம். பொது நிலத்தில் இருக்கிற கட்டடம் இது. தேசிய சேவைக்கு வந்த பையன்களில் பெரும்பாலோர் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய அப்பா அம்மா இன்றைக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிக்க யோசிக்க வேண்டிய இடமாக இது ஆகக் கூடாது. ஒரு சாதாரணக் கோப்பிக்கடைக்கு இங்கே இடம் ஒதுக்கினால் என்ன?

நாங்கள் நடந்த வழியில், இங்கே வந்து நின்ற பையன்களைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. ஒரு புகைப்படம், ஒரு பலகை போதும்.

முகாம் நிலம் என்றால் எனக்கு இவ்வளவு பேச்சு வருவதற்குக் காரணம் அப்பா. அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயிண்டர். பிரிட்டிஷார் போகிறார்கள் என்று 1968-ல் செய்தி வந்தபோது, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. எங்கள் லைன் வீட்டில் இரவெல்லாம் அதே பேச்சு என்பார் அம்மா. கடைசியில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தை ஒரு வெள்ளிக்கு அரசிடம் ஒப்படைத்தார்கள். அது செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. அப்பா அதே தூரிகையோடு அதே வாசலுக்கு வேலைக்குப் போனார். சாங்கியில் இருந்த விமானப்படைத் தளம் 1981-ல் நம் விமான நிலையம் ஆனது. வேலையும் வருமானமும் தந்த மாற்றங்கள் அவை. டெம்ப்சியில் நடந்தது அழகைக் காப்பாற்றிய மாற்றம். இரண்டும் தேவைதான். ஆனால் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது முதலாவது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நேப்பியர் எம்.ஆர்.டி. 2022-ல் திறந்ததிலிருந்து நடந்தும் வரலாம், ஆனால் மேடு. வயதானவர்கள் இருந்தால் டாக்சிதான் சரி. கட்டடத்துக்குக் கட்டடம் தூரம், இடையில் ஏற்றமும் இறக்கமும். ஞாயிறு 12 மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அதற்குமேல் கார் நிறுத்த இடம் தேட வேண்டும். சாப்பிட்டபின் பூமலை என்கிற தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை போய்வரலாம்.

இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவி வந்ததிலிருந்தே அம்மா வெளியே மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பிக்குப் பிறகு காரை எடுத்தபோது, "தம்பி, கொஞ்சம் நிறுத்து" என்றார். சாலை வளைந்து இறங்குகிற இடம். ஓரத்தில் கிளை விரித்து ஒரு பெரிய மரம். "இங்கதான் நின்னேன். லாரி அந்தப் பக்கமா இறங்கிச்சு. நீ திரும்பியே பாக்கல."

திரும்பிப் பார்த்தேன் அம்மா, நடுவில் உட்கார்ந்திருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றேன். 40 வருடத்தில் அதை நான் சொன்னதே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நிறுத்தியிருந்தேன்.